நூற்றுக்கு ஒன்று திரும்பி வருகிறது. அது யாருடைய பணம்?

"கார்டில் வாங்கினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் கேஷ்பேக் வருகிறது. எப்போதாவது கொஞ்சம் வட்டி விழுந்தால்தான் என்ன, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும்" என்னும் பேச்சு இன்று நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. இப்படிப் பேசுபவர்கள் மார்க்கத்தை மறந்தவர்கள் அல்லர். ஐவேளைத் தொழுகையைப் பேணுபவர்கள். கந்துவட்டிக்காரரின் வாசலை மிதிக்க மாட்டோம் என்று உறுதியாக இருப்பவர்கள். ஆனால், "உங்களுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கடன் வரம்பு தயாராக உள்ளது" என்று கைபேசியில் ஒரு செய்தி வந்துவிட்டால், அவர்களும் கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். அந்தக் கணக்கை நாமும் ஒருமுறை நேர்மையாகப் போட்டுப் பார்ப்போம்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள ஐயம்பேட்டையை எடுத்துக்கொள்வோம். பட்டுத்தறியை நம்பி வாழும் ஊர். தறிக்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலை முடிந்தால்தான் கூலி. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறினால் அதுவும் நின்றுவிடும். அத்தகைய ஊரில் மளிகைக் கடை நடத்தும் ஒரு முஸ்லிம் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கடையின் கணக்கு நோட்டில் தெருவின் பாதிப் பேர் இருப்பார்கள். கூலி வந்ததும் கொடுப்பார்கள். அதுவரை அரிசியும் பருப்பும் கடனாகப் போகும். அந்தக் கடனுக்குக் கடைக்காரர் ஒரு பைசா கூடுதலாக வாங்குவதில்லை. அவரைக் கேட்டால் இதற்குக் 'கர்ளன் ஹஸனா' என்ற அழகிய பெயரெல்லாம் சொல்ல மாட்டார், "தெரிந்தவர்கள்தானே" என்பார். ஆனால் அவருக்குச் சரக்குப் போட வேண்டும், ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். தெருவுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் அவருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்க யாரும் இல்லை. இங்கேதான் கார்டு உள்ளே நுழைகிறது.

அவர் கார்டில் 40,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறார் என்போம். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 400 ரூபாய் கேஷ்பேக் வருகிறது. மகிழ்ச்சிதான். பில் தேதி வரும்போது நோட்டில் உள்ள பாக்கி இன்னும் வசூலாகவில்லை. 'குறைந்தபட்சத் தொகை' என்று பில்லில் குறிக்கப்பட்டிருக்கும் 5 சதவீதத்தை, அதாவது 2,000 ரூபாயை மட்டும் கட்டுகிறார். மீதம் 38,000. கார்டுகளில் பரவலாக உள்ள மாதம் மூன்றரை சதவீதம் என்ற விகிதத்தில் ஒரு மாத வட்டி 1,330 ரூபாய். கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. அது 239 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,569. அவர் கட்டிய 2,000 ரூபாயில் கடன் உண்மையில் குறைந்தது 431 ரூபாய் மட்டுமே. இத்துடன் நிற்பதில்லை. பில்லை முழுமையாகக் கட்டாதபோது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் அந்த ஐம்பது நாள் வரையிலான வட்டியில்லாத் தவணை கிடைக்காது. குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டிவந்தால் கடன் மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் நீளும் என்று பில்லிலேயே எச்சரிக்க வேண்டுமென ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. எச்சரிக்கை அச்சாகியும் வருகிறது. அதைப் படிப்பவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

ஜிஎஸ்டியுடன் சேர்த்தால் இது மாதம் நூற்றுக்கு நான்கு ரூபாய்க்கும் மேல். ஆக, ஒரு சதவீத கேஷ்பேக்கை வட்டி விழுங்க எட்டு நாள் போதும். நம் ஊர்ப் பக்கத்தில் 'மூன்று வட்டி' என்று சொன்னாலே முகம் சுளிப்போம். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வாங்குபவரின் வீட்டில் நோன்பு திறக்கக்கூடத் தயங்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவரைவிடக் கூடுதலாக வாங்கும் கார்டு நம் சட்டைப்பையில், மகளின் புகைப்படத்திற்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை நாம் வட்டிக்கடை என்று அழைப்பதில்லை.

சட்டமும் இந்த வேறுபாட்டை வளர்த்துவிட்டிருக்கிறது. தனியார் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் உள்ளது. கார்டுகளுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. வட்டி விகிதத்தை முடிவு செய்வது வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் உட்பட்ட விஷயம் என்பதே அதன் சாரம். எனவே அந்த வழியில் கிடைத்த உச்சவரம்பும் இப்போது இல்லை.

இனி, சற்றுச் சாமர்த்தியமான கணக்கு ஒன்று உண்டு. நம் இளைஞர்கள் அதைத்தான் அதிகம் முன்வைக்கிறார்கள். கார்டு பில்லை நிலுவையில் வைக்க வேண்டியதில்லை. வங்கி தரும் தனிநபர் கடன் வரம்பிலிருந்து, அதாவது ஓவர்டிராஃப்டிலிருந்து எடுத்து, கார்டு பில்லை முழுமையாகக் கட்டிவிடலாம். அங்கே வட்டி குறைவு; எடுத்த தொகைக்கு, எடுத்த நாள்களுக்கு மட்டுமே வட்டி. ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40,000 ரூபாயைப் பத்து நாள் பயன்படுத்தினால் வட்டி 164 ரூபாய். கேஷ்பேக் 400. கட்டணங்களை விட்டுவிட்டால் 236 ரூபாய் மிச்சம்!

கணக்கு சரிதான். அதை மறுக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. இருபத்து நான்கு நாள்களுக்குள் திருப்பிக் கட்டிவிடும் ஒழுங்குடைய ஒருவர் இதில் சில நூறு ரூபாய் பார்க்கவே செய்வார். "வட்டி உங்களை அழித்துவிடும், ஆகவே விலகுங்கள்" என்று மட்டும் நாம் மேடைகளில் சொல்லிவந்தால், இந்த இளைஞர் எழுந்து "நான் அழியவில்லையே, 236 ரூபாய் லாபம் பார்த்தேனே" என்பார். அவருக்குச் சொல்ல நம்மிடம் பதில் இருக்காது. வட்டி நட்டம் என்பதற்காக மட்டும் தடுக்கப்பட்டிருந்தால், நட்டமில்லாத வட்டி ஆகுமாகியிருக்க வேண்டும்.

மார்க்கம் அப்படிப் பேசவில்லை. மதுவிலும் சூதாட்டத்திலும் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு என்பதைத் திருக்குர்ஆன் (2:219) மறைக்கவில்லை. அவற்றின் தீமை பயனைவிடப் பெரிது என்றே சொல்கிறது. வட்டியும் வணிகத்தைப் போன்றதே என்று வாதிட்டவர்களுக்கு அல்லாஹ் அளித்த பதிலும் (2:275) லாப நட்டக் கணக்கு அல்ல: ஒன்றை ஆகுமாக்கினான், மற்றொன்றைத் தடுத்தான். வட்டி வாங்குபவரை மட்டுமன்றி, கொடுப்பவரையும், அதை எழுதுபவரையும், சாட்சிகளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது. 164 ரூபாய் கொடுத்தவரும் கொடுத்தவர்தான். பதிலுக்கு 400 ரூபாய் வந்தது என்பதால் அந்த 164 வேறொன்றாக மாறிவிடாது. தராசின் ஒரு தட்டில் பணத்தையும் மறு தட்டில் பணத்தையும் வைக்கலாம். ஒரு தட்டில் ஹராமை வைத்துவிட்டு மறு தட்டில் எதை வைத்துச் சமன் செய்வது?

அடுத்த கேள்வி அந்த 400 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பது. வங்கி தன் கைக்காசைத் தருவதாக யாரும் நம்ப வேண்டாம். கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரரிடமிருந்து நூற்றுக்கு இரண்டு ரூபாய் அளவில் ஒரு கட்டணம் பிடிக்கப்படுகிறது. அதில் பெரும்பங்கு கார்டு வழங்கிய வங்கிக்குப் போகிறது. கடைக்காரர் அந்தச் செலவைப் பொருளின் விலையில்தான் ஏற்றியாக வேண்டும். அதே கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குபவரும் அந்த ஏறிய விலையையே கொடுக்கிறார்; அவருக்கு எதுவும் திரும்பி வருவதில்லை. தறியில் பதினைந்து நாள் உட்கார்ந்து வாங்கிய கூலியைத் துணியில் முடிந்து வந்து கொடுக்கும் பெண்ணின் பணத்திலும் ஒரு துளி நம் கேஷ்பேக்கில் இருக்கிறது.

இன்னொரு ஊற்று இதைவிடக் கலங்கலானது. கார்டுத் தொழிலின் வருமானத்தில் பெரும்பகுதி, பில்லை முழுமையாகக் கட்ட இயலாதவர்கள் செலுத்தும் வட்டியும் தாமதக் கட்டணமும்தான். உரிய தேதியில் முழுமையாகக் கட்டிவிடுபவரிடமிருந்து வங்கிக்கு வட்டி எதுவும் கிடைக்காது. அவருக்குத் தரும் சலுகைகளின் சுமையை, கட்ட முடியாமல் தவிப்பவரும் சேர்ந்து சுமக்கிறார். அந்த மனிதர் எங்கோ இருப்பவர் அல்லர். வேலை நின்றபோது மருத்துவமனைக்குக் கார்டைக் கொடுத்த நம் அண்டை வீட்டுக்காரராகவே இருக்கலாம். அவர் எந்த மதத்தவராயினும் அண்டை வீட்டாரின் உரிமை நம் கழுத்தில் உண்டு.

இங்கே உலமாக்களின் கருத்துகளையும் சொல்லிவிட வேண்டும். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாதில் கூடியபோது, தாமதத்திற்கு வட்டி என்ற நிபந்தனை உள்ள கார்டைப் பயன்படுத்துவதே கூடாது, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்று தீர்மானித்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே வட்டிக்குச் சம்மதித்துவிடுகிறோம் என்பது காரணம். தவணை தவறாமல் முழுத்தொகையையும் கட்டுவார் என்ற உறுதி உள்ளவருக்கு, தேவையின் அடிப்படையில் அனுமதிக்கும் உலமாக்களும் இருக்கிறார்கள். கடன் கொடுத்தவர் கடன் வாங்கியவருக்குத் தரும் அன்பளிப்பு வட்டியாகாது, ஏனெனில் வட்டி எதிர்த்திசையில் செல்வது என்பதால், அத்தகையவருக்குக் கேஷ்பேக்கும் ஆகும் என்பர். வேடிக்கை என்னவென்றால், 'சொந்தப் பணம்தானே' என்று நாம் நிம்மதியாகப் பயன்படுத்தும் டெபிட் கார்டில்தான் சிக்கல் நுட்பமாகிறது. வங்கியில் நாம் போட்டிருக்கும் பணம் வங்கிக்கு நாம் கொடுத்த கடன். அந்தக் கடனை வாங்கிய வங்கியே கேஷ்பேக் தந்தால், அது கடனுக்குக் கிடைத்த ஆதாயம் ஆகிவிடுமோ என்று சில உலமாக்கள் அஞ்சுகிறார்கள். கடைக்காரர் தன் பங்கிலிருந்து தரும் தள்ளுபடிக்கு இந்தப் பேச்சு இல்லை. அது வெறும் விலைக் குறைப்பு.

தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டு அவரவர் தெளிவு பெறட்டும். ஆனால் அனுமதிப்பவர்களின் நிபந்தனையை நாம் பாதியில் விட்டுவிடுகிறோம். "ஹஸ்ரத் ஆகும் என்றார்கள்" என்பது மட்டும் நினைவில் நிற்கிறது. "ஒரு மாதமும் தவறாமல் கட்ட முடிந்தால்" என்பது மறந்துபோகிறது. நிலையான மாதச் சம்பளம் உள்ளவருக்கு அந்த உறுதி இருக்கலாம். வருமானம் தறியோடும் மழையோடும் ஏறி இறங்கும் ஓர் ஊரில் வியாபாரம் செய்பவருக்கு அந்த உறுதியை யார் கொடுப்பார்? அத்தகைய குடும்பங்கள் கார்டை வாங்காமலிருப்பதே பாதுகாப்பு என்பது நம் கருத்து.

கடனோடு சேர்ந்து வரும் இனிப்பைப் பற்றிக் காஞ்சிபுரம் வட்டாரத்துக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தறி உலகில் 'முன்பணம்' என்ற ஒன்று உண்டு. தறி முதலாளி நெசவாளருக்குத் திருமணத்திற்கோ வைத்தியத்திற்கோ ஒரு தொகை கொடுப்பார். அதற்கு வட்டி என்று எதுவும் எழுதப்படுவதில்லை. உதவி என்றே பெயர். ஆனால் அந்தத் தொகை தீரும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. கூலியைக் கூட்டிக் கேட்கவும் நா எழாது. ஒரு காலத்தில் முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் உட்கார்த்தப்பட்டார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆயினும் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. கடனால் விளையும் ஆதாயம் எந்த உருவில் வந்தாலும் அதை ஃபுகஹாக்கள் சந்தேகத்தோடு பார்த்தது ஏன் என்பதை, எந்தக் கிதாபையும் விட அந்தப் பிள்ளைகளின் விரல்கள் விளக்கியிருக்கும். முன்பணமும் கேஷ்பேக்கும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. கடன் கொடுப்பவர் முதலில் ஒரு நன்மையைக் கையில் வைத்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறார் என்பதில் மட்டும் இரண்டும் ஒன்று.

சரி, கார்டும் வேண்டாம், ஓவர்டிராஃப்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஜூன் மாதக் கட்டணத்திற்கு அந்த மளிகைக் கடைக்காரர் எங்கே போவார்? இதற்குப் பதில் சொல்லாமல் வட்டியைக் கண்டிப்பது எளிது. பல ஜும்ஆ உரைகள் அத்துடன் முடிந்துவிடுகின்றன.

அவர் முதலில் போவது உறவினரிடம். அங்கே கதவு மூடியிருக்கிறது. மூடியதற்கு நாமே காரணம். வங்கிக் கடனில் ஒரு தவணை தவறினால் சிபில் மதிப்பெண் குறையும் என்று அஞ்சித் தேதிக்கு முன்பே கட்டுகிறவர், மச்சானிடம் வாங்கிய கைமாற்றை மூன்று ஆண்டுகளாக மறந்திருக்கிறார். திருமண வீட்டில் அவரைக் கண்டால் வேறு பந்தியில் அமர்கிறார். அடுத்த முறை ஒருவர் கேட்டுவரும்போது அந்த மச்சான் "கையில் இல்லையே மாப்பிள்ளை" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடனோடு மரணித்தவரின் ஜனாஸாவுக்கு, அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்கும்வரை, நபி (ஸல்) அவர்கள் தொழவைக்க முன்வரவில்லை என்ற செய்தியை நாம் கேட்டிருக்கிறோம். அது வங்கிக் கடனுக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டோமோ என்னவோ. கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்று கட்டளையிடும் வசனமே (2:282) திருக்குர்ஆனில் மிக நீண்டது. நமக்கோ சொந்தக்காரரிடம் எழுதிக் கேட்பது அவமானம். எழுதாமல் விட்டுப் பிறகு பேச்சுவார்த்தையே இல்லாமல் போவது அவமானமில்லை.

உறவினருக்கு அடுத்து ஜமாஅத். தேவ்பந்தில் 1961இல் தொடங்கப்பட்ட முஸ்லிம் ஃபண்ட், மக்கள் சேமிப்பாகப் போடும் தொகையிலிருந்து நகையின் பேரில் வட்டியில்லாக் கடன் கொடுத்துவருகிறது. நம் மாநிலத்திலும் அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பைத்துல்மால் அமைப்புகள் நகைக்கு வட்டியில்லாக் கடன் தருகின்றன. வட்டியில்லா வங்கிமுறைக்கு 2008இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. மரபு வங்கிகளிலேயே தனிப் பிரிவு திறக்கலாம் என்ற யோசனையும் பிறகு வந்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அந்த முயற்சியைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. ஆகவே அரசை எதிர்பார்த்துக் காத்திருக்க ஏதுமில்லை. நகையை ஈடாக வாங்கி, எழுதி, சாட்சி வைத்து, ஆறு மாதத் தவணைக்குப் பத்தாயிரமும் இருபதாயிரமும் கொடுக்க ஒரு ஜமாஅத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் போதும். அது சுற்றிச் சுற்றி வரும். அந்தத் தொகை நம்மிடம் இல்லை என்று சொல்ல முடியாது. பள்ளிவாசல் முகப்பு வளைவுக்கு அதைவிட அதிகம் செலவழித்த ஊர்களை நாம் அறிவோம்.

இனி, ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள். கார்டில் நிலுவை வைத்திருப்பவர் முதலில் அந்தக் கார்டில் வாங்குவதை நிறுத்த வேண்டும். புதிய கார்டெடுத்துப் பழையதை அடைப்பது அடைப்பதாகாது. வீட்டில் நகை இருந்தால் அதை வட்டிக்கு அடகு வைப்பதைவிட விற்றுவிடுவது மேல். இந்த இடத்தில் வீட்டுப் பெண்களின் கண்ணீர் நியாயமானதே. ஆனால் மாதம் நூற்றுக்கு நான்கு ரூபாய் அந்த நகையை எப்படியும் கரைத்துவிடும். கணவர் தம் கார்டுக் கடனை மனைவியிடம் மறைப்பது நம் குடும்பங்களில் பரவலாக இருக்கிறது; பில் நேராகக் கைபேசிக்கு வருவதால் மறைப்பதும் எளிதாகிவிட்டது. முதலில் வீட்டில் சொல்லுங்கள்.

ஜகாத் கொடுப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஜகாத்துக்குரிய எட்டு வகையினரில் (9:60) கடன்பட்டோரும் அடங்குவர். நம் ஊர்களில் ரமலான் இறுதிப் பத்தில் ஜகாத் நூறு ரூபாய்த் தாள்களாகவும் விலை குறைந்த சேலைகளாகவும் ஒரே நாளில் கரைந்துவிடுகிறது. வரிசையில் நின்று வாங்கியவரின் கடன் அப்படியே இருக்கிறது. நான்கு செல்வந்தர்கள் சேர்ந்து, மஹல்லாவில் வீண்செலவால் அன்றி மருத்துவத்தாலோ தொழில் முடக்கத்தாலோ கடன்பட்ட ஒரு குடும்பத்தை ஆலிம்களின் ஆலோசனையோடு தேர்ந்தெடுத்து, அதன் அசல் நிலுவையை இந்த ரமலானில் முழுமையாக அடைத்துக் கார்டையும் ரத்து செய்ய வைக்கலாம். அடுத்த ரமலானில் இன்னொரு குடும்பம். பெயர் வெளியே தெரிய வேண்டியதில்லை. ஜமாஅத் செயலாளருக்கும் அந்த வீட்டாருக்கும் தெரிந்தால் போதும்.